ஒன்பது நாட்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

பல வருடங்களாக உங்களைப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. எனக்கு 38 வயது. நான் கே, ஆண்களைக் காதலிக்கிற ஆண். வீட்டில் யாருக்கும் தெரியாது, அலுவலகத்திலும் தெரியாது. வேலை நிமித்தமாக அடிக்கடி வெளிநாடு போகிறேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பயணங்களுக்காகத்தான் இந்த வேலையிலேயே இருக்கிறேன்.

போன வருடம் பெர்லினில் ஒருவரைச் சந்தித்தேன். வேலை முடிந்த பிறகும் விடுப்பு போட்டு ஒன்பது நாட்கள் அவர் வீட்டில் தங்கினேன். ஒருநாள் ஏரிக்குப் போனோம், ஒருநாள் க்ளப்புக்குப் போனோம். மற்ற நாட்களில் ஒன்றும் செய்யவில்லை. அவர் கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு வாஷிங் மெஷின் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை என் சட்டைகளையும் அவர் துணிகளையும் ஒன்றாகப் போட்டுவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். மேல்வீட்டுப் பாட்டி வந்து, இவர் யார் என்று கேட்டார். அவர் என் தோளில் கைவைத்து, என் பெயரைச் சொல்லி, ‘என்னோடு இருக்கிறார்’ என்றார். பாட்டி தலையை ஆட்டிவிட்டு, மெஷின் எப்போது காலியாகும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை சார்.

திரும்பி வந்ததும் தினமும் பேசினோம். அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை. இப்போது இரண்டு மாதமாக என் மெசேஜ்களுக்குப் பதில் இல்லை. இங்கே நான் யாரோ ஒருவன், அங்கே போனால்தான் நான் நானாக இருக்கிறேன். என்னைப் போன்றவனுக்குக் காதல் என்றால் அது வெளிநாட்டில்தானா? எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கேயே போய்விடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் ஏரிக்கும் க்ளப்புக்கும் சேர்த்து ஒரே வரிதான். வாஷிங் மெஷினுக்கு ஒரு பத்தி. நீங்கள் எதற்காக ஏங்குகிறீர்கள் என்பதை உங்களுக்கே தெரியாமல் எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு சனிக்கிழமை, துவைக்க வேண்டிய துணி, பக்கத்தில் ஒருவர், அவர் மூன்றாவது மனிதரிடம் உங்கள் பெயரைச் சொல்கிறார், கேட்டவருக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. உங்களைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். நானும் கே என்பது இங்கே பலருக்குத் தெரியும், அதனால் இந்த இடத்தில் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பெரும்பாலானவர்கள் வாழ்நாள் முழுக்க யோசிக்காமலேயே அனுபவிக்கிற ஒன்று நமக்கு ஒன்பது நாள் விடுமுறையில் கிடைக்கும்போது நெஞ்சை அடைத்துவிடுகிறது.

ஆனால் அந்த ஒன்பது நாட்களில் இரண்டு விதமான சுதந்திரம் கலந்திருந்தது. அதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஒன்று, அந்த ஊர் தருவது. சட்டம் உங்கள் பக்கம், பாட்டியும் உங்கள் பக்கம். இன்னொன்று, எந்த ஊரிலும் வெளியூர்க்காரனுக்குக் கிடைப்பது. உங்களை அங்கே யாருக்கும் தெரியாது. யாருடைய மகன், எங்கே வேலை, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்க ஆள் இல்லை. இந்த இரண்டாவது சுதந்திரம் தித்திப்பானது, ஆனால் விசா முடிகிற நாளில் அதுவும் முடிந்துவிடும். அங்கேயே குடியேறினாலும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும், ஏனென்றால் அதற்குள் உங்களைத் தெரிந்தவர்கள் அங்கேயும் வந்துவிடுவார்கள்.

அவர் பதில் எழுதாததை உங்கள் நாட்டோடும் நிறத்தோடும் நீங்கள் கே என்பதோடும் முடிச்சுப் போடாதீர்கள். பயணத்தில் வரும் காதல்களில் பெரும்பகுதி இப்படித்தான் தேய்கிறது. ஆணும் பெண்ணும் காதலித்தாலும் இதேதான். அவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை, படிக்கட்டில் உங்கள் தோளில் வைத்த கை உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் பதில் வராத ஒரு மெசேஜை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து பார்ப்போம் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை நேராகக் கேட்டு எழுதுங்கள், சுற்றி வளைக்காமல். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த உரையாடலை ஆர்க்கைவில் போட்டுவிடுங்கள், அழிக்க வேண்டாம்.

பெர்லினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மேல்வீட்டுப் பாட்டி சிறுமியாக இருந்த காலத்தில் அந்த நாட்டில் 175ஆம் சட்டப்பிரிவு இருந்தது. ஆணும் ஆணும் உறவுகொண்டால் சிறை. நாஜிகள் 1935இல் அதைக் கடுமையாக்கினார்கள், போர் முடிந்து நாஜிகள் போன பிறகும் மேற்கு ஜெர்மனி அதே கடுமையான வடிவத்தை 1969 வரை வைத்திருந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து முழுதாக நீங்கியது 1994இல். திருமண உரிமை 2017இல்தான் வந்தது. நீங்கள் படிக்கட்டில் அவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருந்ததற்குப் பின்னால் அந்த ஊரிலேயே பயந்து வாழ்ந்த, தண்டிக்கப்பட்ட, அப்படியும் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்ற மனிதர்கள் இருக்கிறார்கள். அடுத்தமுறை போனால் டியர்கார்டன் பூங்காவின் ஓரத்தில் நாஜிகளால் துன்புறுத்தப்பட்ட தன்பாலீர்ப்பாளர்களுக்கான நினைவிடத்தைப் பாருங்கள். 2008இல் திறந்தது. சாய்வாக நிற்கும் ஒரு பெரிய கான்கிரீட் பெட்டி, அதில் ஒரு சின்ன சன்னல். குனிந்து உள்ளே பார்த்தால் ஒரு முத்தம் படமாக ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பூங்காவுக்குப் பக்கத்தில்தான் 1919இல் மக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் பாலியல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 175ஆம் பிரிவை நீக்கச் சொல்லி அவர் இயக்கம் ஆரம்பித்தது 1897இலேயே. உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1930இல் உரையாற்ற அமெரிக்கா போனவர் அப்படியே உலகத்தைச் சுற்றினார், இந்தியாவுக்கும் வந்தார். வழியில் ஷாங்காயில், அறுபதைத் தாண்டிய அந்த வயதில், லி ஷியு டோங் என்ற இளம் மருத்துவ மாணவரைச் சந்தித்தார். அதன் பிறகு பயணம் முழுக்க இருவரும் சேர்ந்தேதான். ஹிர்ஷ்ஃபெல்டால் ஜெர்மனிக்குத் திரும்பவே முடியவில்லை. 1933 மே மாதம் நாஜி மாணவர்கள் அவருடைய நிறுவனத்தைச் சூறையாடி நூலகத்தைக் கொளுத்தினார்கள், பாரிஸில் ஒரு திரையரங்கில் செய்திப்படத்தில் அவர் அதைப் பார்த்தார். 1935இல் நீஸ் நகரில் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் பொருட்களையும் லி நாடு நாடாகச் சுமந்துகொண்டு போனார், 1993இல் வான்கூவரில் லி இறக்கும் வரைக்கும் ஒரு பெட்டி அவரிடம் இருந்தது. பயணத்தில் கிடைத்த காதல் நிலைக்காது என்று உங்களிடம் நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். 38 வயதில் நேரம் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன்.

சரி, போய்விடலாமா? போகலாம். போவது ஓடிப்போவது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சட்டம் தருகிற பாதுகாப்பு சின்ன விஷயம் இல்லை. நெதர்லாந்தில் 2001 முதல், தைவானில் 2019 முதல், தாய்லாந்தில் 2025 ஜனவரி முதல் நம்மைப் போன்றவர்கள் திருமணம் செய்துகொள்ள முடிகிறது. திருமணம் என்றால் மாலையும் மோதிரமும் மட்டும் இல்லை. துணைவர் விசா, மருத்துவமனையில் யார் கையெழுத்துப் போடுவது, இறந்த பிறகு வீடு யாருக்கு என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் நம்மைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடுத்தது, 2023 அக்டோபரில் திருமண உரிமையை மறுத்துவிட்டது. அதன் பிறகு சில சின்னக் கதவுகள் திறந்திருக்கின்றன. தன்பால் இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024இல் நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. திருமணம் ஒன்றுதான் குடும்பத்தை உருவாக்கும் வழி என்றில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதைப் படித்த அன்று நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் இதையெல்லாம் வைத்துக்கொண்டு உங்களை ‘இங்கேயே இருங்கள்’ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நான் சொல்வது வேறு. அங்கே ஒரு காதலன் காத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். வேலைக்காகப் போங்கள், அந்த மொழியைக் கற்றுக்கொள்ளத் தயாராகப் போங்கள், நவம்பர் மாதத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் தனியாக இருக்க முடியுமா என்று யோசித்துவிட்டுப் போங்கள். ஒன்பது நாள் விருந்தாளிக்குத் தெரியாத சில விஷயங்கள் குடியேறியவனுக்குத் தெரியவரும். ‘ஆசியர்கள் வேண்டாம்’ என்று ப்ரொஃபைலிலேயே எழுதிவைக்கிறவர்கள் உண்டு. ஆட்களை இனவாரியாக வடிகட்டும் வசதியையே க்ரைண்டர் என்ற டேட்டிங் ஆப் 2020இல்தான் நீக்கியது. விசா வேலையோடு கட்டப்பட்டிருந்தால், வேலை போகும்போது வீடும் காதலும் சேர்ந்தே ஆடும். இத்தனையையும் தாண்டி அங்கே நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு வேண்டியவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் பெர்லினைவிட என்னைத் தொந்தரவு செய்தது ‘இங்கே நான் யாரோ ஒருவன்’ என்ற வரி. திங்கட்கிழமை காலை, வாரக்கடைசி எப்படிப் போனது என்று யாரோ கேட்கிறார்கள். நீங்கள் ‘சும்மா, வீட்டில்தான்’ என்கிறீர்கள். கேட்டவரும் விட்டுவிடுகிறார். போனை மேஜையில் கவிழ்த்து வைக்கிறீர்கள். இப்படிப் பல வருடம் போனால் உங்களிடம் எதையும் கேட்கக்கூடாது என்று சுற்றியிருப்பவர்கள் பழகிவிடுவார்கள். அதை மரியாதையாகத்தான் செய்வார்கள், ஆனால் அந்த மரியாதைக்குள் நீங்கள் தனியாக மாட்டிக்கொள்கிறீர்கள். விசா விண்ணப்பத்தை நிரப்பும்போது ‘அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய நபர்’ என்ற கட்டம் வருமே, அதில் யார் பெயரை எழுதுகிறீர்கள்? பெற்றோர் பெயராகத்தான் இருக்கும். உங்களைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவரை அங்கே எழுத முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். காதலனைத் தேடுவதற்கு முன்னால் அந்தக் கட்டத்துக்கு ஒருவரைத் தேடுங்கள் என்பேன்.

என் துணைவரை நான் சந்தித்தது வெளிநாட்டிலும் இல்லை, ஆப்பிலும் இல்லை. ஒரு தோழியின் வீட்டில். அவளுக்கு என்னைப் பற்றித் தெரியும், அவரைப் பற்றியும் தெரியும், இரண்டு பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எங்களுக்கு அவள் செய்தது அவ்வளவுதான். அவளிடம் நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு அப்படித் தோன்றியிருக்கவே வழியில்லை. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் யாருக்கும் தெரியாத மனிதனுக்காக யாரும் யாரையும் யோசித்து வைக்க முடியாது.

யாரிடம் சொல்வது? அப்பா அம்மாவிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள். பலரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், மிகவும் கஷ்டமான இடத்தில் முதல் அடி. நீங்கள் சம்பாதிக்கிறீர்கள், தனியாக இருக்க வழியிருக்கிறது, ஆகவே அவசரம் ஒன்றுமில்லை. ஒரு நண்பர், அல்லது சித்தி மகள், யாராவது ஒருவர். இன்னொருவரின் ரகசியத்தை உங்களிடம் ஒருபோதும் கொட்டாத ஆளாகப் பாருங்கள், உங்களுடையதையும் அவர் கொட்டமாட்டார். வீட்டுக்குத் தெரியவந்து யாராவது டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், சரிசெய்துவிடலாம் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவு அப்படிப்பட்ட ‘சிகிச்சை’ முயற்சிகளுக்குத் தடை விதித்தது. இந்த விஷயம் தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து எழுதிய உத்தரவு அது. ஓரினம் என்ற அமைப்பின் இணையதளத்தில் தமிழிலேயே அனுபவக் கட்டுரைகளும் கவிதைகளும் இருக்கின்றன, நிதானமாகப் படியுங்கள்.

இங்கே ஆப்பைத் திறந்தால் தலையில்லாத மார்புகளும் வெற்றுக் கட்டங்களும்தான், அங்கே முகங்கள் இருக்கின்றன, அது உங்களுக்குத் தெரியும். அந்த வெற்றுக் கட்டங்களுக்குப் பின்னால் இருப்பவர்களும் உங்களைப் போலவே திங்கட்கிழமை ‘சும்மா’ என்று பதில் சொல்கிறவர்கள்தான். அதில் சிலர் பணம் பறிக்கிறவர்களாகவும் இருக்கலாம், மிரட்டல் பல இடங்களில் நடந்திருக்கிறது. முதலில் வீடியோவில் பேசுங்கள், முதல் சந்திப்பு பொது இடத்தில் இருக்கட்டும், எங்கே போகிறீர்கள் என்று அந்த ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அப்புறம், வேலை உங்களை எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் அந்த நாட்டுச் சட்டத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். 60க்கும் மேற்பட்ட நாடுகளில் நாம் இன்னும் குற்றவாளிகள்தான். எகிப்தில் போலீசே ஆப்பில் ஆளாக நடித்துப் பிடித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடங்களுக்குப் போகும்போது ஆப்பையும் படங்களையும் போனிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

பெர்லினுக்கே போவதென்று முடிவெடுத்தால் எனக்கு எழுதுங்கள், அங்கே இருக்கும் ஓரிரு நண்பர்களை அறிமுகப்படுத்துகிறேன். போகவில்லையென்றாலும் எழுதுங்கள். முதலில் சொல்வதற்கு ஆள் கிடைக்காமல் தவித்தால், என்னிடம் ஏற்கனவே சொல்லிவிட்டீர்கள். இரண்டாவது ஆளிடம் சொல்வது இதைவிடக் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

அன்புடன்