கோவா இரும்புத் தாது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: இரும்புத் தாது தோண்டும் செசா கோவா நிறுவனம் இதுவரை யார் யார் கையில் இருந்தது? (ஓசூர் வாசகர்)

ப: 1954-ல் இத்தாலியர்கள் தொடங்கியது. 1996-ல் ஜப்பானின் மிட்சுய் கைக்குப் போனது. 2007-ல் வேதாந்தா 51 சதவீதப் பங்கை ஏறக்குறைய 100 கோடி டாலருக்கு எடுத்தது.

கே: அவ்வளவு பணம் கொட்டி வாங்கிய சுரங்கத்தை நீதிமன்றம் நிறுத்தியது என்ன நியாயம்? (நெல்லை வாசகர்)

ப: எத்தனை முறைதான் சொல்வது? வாங்கியது நிறுவனத்தின் பங்கை. தாது கோவா அரசுடையது. நிறுவனத்திடம் இருந்தது தோண்டிக்கொள்ளும் குத்தகை மட்டுமே. போர்ச்சுகீசியர் காலவரம்பில்லாமல் கொடுத்த உரிமங்களை 1987-ல் வந்த சட்டம் குத்தகைகளாக மாற்றியது, அதுவும் 1961 டிசம்பர் 20 என்று முன்தேதியிட்டு. அவை புதுப்பிப்புக் காலமும் சேர்த்து 2007 நவம்பர் 22-டன் முடிந்துவிட்டன என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பங்கு விற்பனை அறிவிப்பு வந்தது அதே 2007 ஏப்ரலில். பாக்கி ஏழே மாதம்! பிறகு மாநில அரசு ஏலமில்லாமல் புதுப்பித்துக் கொடுத்த 88 குத்தகைகளையும் 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது. மார்ச் நடுவில் தோண்டுவது நின்றது. கடன் வாங்கி லாரி எடுத்தவர்களும் பார்ஜ் (ஆற்றில் தாது ஏற்றும் தட்டைப் படகு) ஓட்டியவர்களும்தான் தவித்தார்கள். முதலாளி யார் என்பதையே எல்லாரும் பேசினோம், குத்தகை முடியும் தேதியைக் கேட்க ஆளில்லை. என் வயிற்றெரிச்சல் அதுதான்.

கே: கோவா தாதுவை நம் ஆலைகள் ஏன் சீண்டுவதில்லை?

ப: தரம். இரும்பின் அளவு பெரும்பாலும் 58 சதவீதத்துக்குக் கீழே, தூளும் அதிகம். சீனா அதை வாங்கி, நல்ல தாதுவோடு கலந்து உருக்கிக்கொள்ளும். மண்டோவி, ஜுவாரி ஆறுகளில் பார்ஜில் மர்மகோவா துறைமுகம் வரை போய்விடுவதால் செலவும் குறைவு.

கே: ஒரு டன் தாதுவுக்கு எவ்வளவு கழிவு மண்?

ப: இரண்டரை, மூன்று டன். மழைக்காலத்தில் அந்தக் குவியல் வயலுக்குள் இறங்கும்.

கே: இரும்புச் சுரங்கப் பங்கு வாங்கலாமா?

ப: எந்த நிறுவனம், எந்த மாநிலம் என்று எழுதாமல் கேட்டால் எப்படி? முதலில் குத்தகை முடியும் தேதியைப் பாருங்கள்.

கே: கோவா சுரங்கங்களை 2022 ஏலத்தில் எடுத்தவர்கள் உடனே தோண்டலாமா?

ப: கூடாது. பழைய சுற்றுச்சூழல் அனுமதி செல்லாது, புதிதாக வாங்க வேண்டும் என்று 2023-ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு சொல்லிவிட்டது. பிச்சோலிம் சுரங்கப் பகுதியை ஏலத்தில் எடுத்த வேதாந்தாவுக்கும் அதே விதிதான். இப்போது குத்தகை 50 ஆண்டு, புதுப்பிப்பு கிடையாது. தேதியைக் குறித்து வையுங்கள்.