புது மின்சார காருக்குச் சொல்லும் ரேஞ்ச் ஏன் சாலையில் கிடைப்பதில்லை?

ரேஞ்ச் என்பது ஒரு முழு சார்ஜில் கார் ஓடும் தூரம். அறிமுக விழாவில் திரையில் பெரிதாகக் காட்டும் எண் ஆய்வகச் சோதனையில் வந்தது. ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள்: உருளைகள் மேல் அரை மணி நேரம், சுமார் 23 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீட்டர்தான். ஏசியும் ஹீட்டரும் போடுவதில்லை. ஆக, எண் பொய்யில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் யார் அப்படி ஓட்டுகிறார்கள்?

முக்கியக் காரணம் காற்று. இடுப்பளவு தண்ணீரில் மெல்ல நடந்தால் சிரமம் தெரியாது, ஓடிப் பார்த்தால் மூச்சு வாங்கும். காருக்குக் காற்றும் அப்படித்தான். வேகம் 60லிருந்து 120 ஆனால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அப்புறம் குளிர்காலம்: பெட்ரோல் இன்ஜினில் வீணாகும் வெப்பமே உள்ளே சூடேற்றும், மின்சார காரில் அதற்கும் பேட்டரிதான் கொடுக்க வேண்டும்.

பெட்ரோல் கார் பழக்கத்தில் பலர் நெரிசலில்தான் ரேஞ்ச் குறையும் என்று நினைக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புவதால், மின்சார கார் பொதுவாக ஊருக்குள்தான் அதிக தூரம் ஓடும்.