முழு சூரிய கிரகணத்த கண்ணாடி இல்லாம பாக்கலாமா? 99% மறைஞ்சாலே போதாதா?

பாக்கலாம், ஆனா சூரியன் முழுசா மறைஞ்சிருக்கற அந்த சில நிமிஷம் மட்டும்தான். 99% போதுமான்னு கேட்டா, போதவே போதாது.

ஏன்னா சூரியன் பௌர்ணமி நிலாவ விட சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசம். அதுல 1% மிச்சம் இருந்தாலே 4,000 பௌர்ணமி வெளிச்சம் வருது. சூரியன சுத்தி இருக்கற வெளிப்புற வாயு மண்டலமான கரோனாவோ மொத்தமா சேத்தே கிட்டத்தட்ட ஒரு பௌர்ணமி அளவுக்குதான் ஒளிரும், அதனால அந்த கீத்து இருக்கற வரைக்கும் கரோனா கண்ணுக்கு தெரியவே தெரியாது. கண்ணுக்கும் அதே ஆபத்துதான், மிச்சம் இருக்கற கீத்து மெலிசா இருந்தாலும் அதோட உக்கிரம் குறையறதில்ல, விழித்திரைய சுடும். விழித்திரையில வலிய உணர்ற நரம்பு கிடையாது, அதனால பாக்கும்போது ஒண்ணும் தெரியாது, சில மணி நேரம் கழிச்சோ மறுநாளோதான் பார்வைக்கு நடுவுல மங்கலா ஒரு புள்ளி வந்து நிக்கும், சிலருக்கு அது போறதே இல்ல.

கிரகணக் கண்ணாடி வாங்கும்போது ஐஎஸ்ஓ 12312-2 (சூரியன நேரா பாக்கற கண்ணாடிக்கான சர்வதேச தரம்) தரமான்னு பாத்து, நம்பகமான எடத்துல வாங்குங்க. போட்டுக்கிட்டா வீட்டுக்குள்ள எதுவுமே தெரியக்கூடாது. கீறல், ஓட்டை இருந்தா தூக்கி போட்டுடுங்க. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம், சிடி, புகை படிஞ்ச கண்ணாடி எதையும் நம்பாதீங்க. முக்கியமா இந்த கண்ணாடிய போட்டுக்கிட்டு பைனாகுலர், டெலஸ்கோப் வழியா பாக்கவே கூடாது, லென்ஸ் ஒளிய குவிச்சு ஃபில்டரையே பொசுக்கிடும். அதுக்கெல்லாம் ஃபில்டர முன்பக்க லென்ஸ்லதான் மாட்டணும்.

சரி, எப்ப கழட்டறது? கீத்து சுருங்கி ஓரத்துல மணிமணியா உடையும், அப்பறம் ஒரே ஒரு பொட்டு வைர மோதிரம் மாதிரி மின்னும். அதுவும் அணைஞ்சதுக்கு அப்பறம் கழட்டுங்க. கருப்பு வட்டத்த சுத்தி வெள்ளையா இழை இழையா கரோனா விரியும், விளிம்புல அங்கங்க ரோஸ் கலர்ல தீ நாக்கு மாதிரி தெரியும், பகல்லயே வெள்ளி கிரகம் பளிச்சுன்னு இருக்கும். முதல் தடவ பாக்கறவங்க தயவுசெஞ்சு ஃபோட்டோ எடுக்கறேன்னு அந்த நேரத்த செலவழிச்சிடாதீங்க! மறுபக்கம் ஒரு வெளிச்சப்பொட்டு எட்டிப் பாத்த உடனே திரும்ப கண்ணாடி போட்டுடணும்.

சூரியன் விட்டத்துல நிலாவ விட சுமார் 400 மடங்கு பெருசு, தூரமும் சுமார் 400 மடங்கு, அதனாலதான் இவ்ளோ கச்சிதமா மூடுது. ஆனா அந்த முழு நிழல் பெரும்பாலும் 100, 200 கிலோமீட்டர் அகலத்துக்குதான் விழும், பாதைக்கு வெளிய நின்னா பகுதி கிரகணம்தான், அங்க கடைசி வரைக்கும் கண்ணாடிய கழட்டக்கூடாது. 2026 ஆகஸ்ட் 12 கிரகணத்துக்கு பாதை கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் வழியா போகுது. 2027 ஆகஸ்ட் 2 கிரகணத்துல எகிப்தோட லக்சர் பக்கம் 6 நிமிஷத்துக்கு மேலயே இருட்டு இருக்கும், போக வசதி இருந்தா என் ஓட்டு அதுக்குதான்.