‘எஸ்டர்டே’ வந்தால் ‘ஹேவ்’ வேண்டாம்

கேள்வி: பனியன் கம்பெனியில் உதவி மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ‘வீ ஹேவ் சென்ட் த லேப் டிப்ஸ் எஸ்டர்டே’ என்று சரக்கு வாங்கும் பையருக்கு மெயில் போட்டேன் (லேப் டிப் என்பது நிறம் சரிபார்க்க அனுப்பும் சாயமேற்றிய துணி மாதிரி). தப்பு என்கிறார் மேனேஜர். ‘நேற்றே அனுப்பியிருக்கிறோம்’ என்பதைத்தானே எழுதினேன்?
– வாசகி, திருப்பூர்

பதில்: தமிழை அப்படியே எழுதியதுதான் வினை. ‘நேத்தே அனுப்பிச்சிருக்கறமுங்க’ என்றால் நம் ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் ‘ஹேவ் சென்ட்’ என்பது பிரசன்ட் பெர்ஃபெக்ட். அனுப்பியது முன்பே முடிந்தாலும், சொல்ல வருவது இப்போதைய நிலையை. அதனால் எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ மாதிரி முடிந்துபோன நேரம் அதோடு சேராது.

பையர் என்ன கேட்பார் என்று யோசியுங்கள். ‘லேப் டிப் என்ன ஆச்சு?’ என்றால் ‘வீ ஹேவ் சென்ட் த லேப் டிப்ஸ்’. ‘எப்போது அனுப்பினீர்கள்?’ என்றால் ‘வீ சென்ட் தெம் எஸ்டர்டே’. இரண்டும் வேண்டுமா, இரண்டு வாக்கியமாகப் போடுங்கள்.

‘திஸ் மார்னிங்’ கொஞ்சம் வில்லங்கம். காலை பதினொரு மணிக்கு எழுதினால் ‘ஹேவ்’ போடலாம். காலை இன்னும் முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதினால் வெறும் ‘சென்ட்’தான். ‘டுடே’, ‘திஸ் வீக்’ இரண்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

அமெரிக்க பையர் ‘வீ ஆல்ரெடி சென்ட்’ என்று எழுதினால் திருத்தப் போகாதீர்கள், அது அவர்கள் வழக்கம். ‘ஹேவ் சென்ட் எஸ்டர்டே’ மட்டும் அங்கும் தப்புதான்.

இன்னொன்று: ‘சென்ட்’ இரண்டு இடத்திலும் ஒரே வடிவம் என்பதால் தப்பித்தீர்கள். ‘செய்’ என்ற பொருளில் ‘டூ’ வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். ‘வீ டிட்’, ஆனால் ‘வீ ஹேவ் டன்’. ‘ஹேவ் டிட்’ கிடையாது.

கேள்வி: ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’ சரியா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ‘2019லிருந்து வேலை செய்கிறேன்’ என்ற தமிழ் நிகழ்காலம் இழுத்துவிட்ட தப்பு. அன்று தொடங்கி இன்றும் ஓடுகிற வேலைக்கு ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’. தொடங்கிய ஆண்டுக்கு ‘சின்ஸ்’, கால அளவுக்கு ‘ஃபார்’: ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. சேர்ந்ததை மட்டும் சொல்ல, ‘ஐ ஜாயின்ட் இன் 2019’ போதும்.