4 வயதுப் பையனுக்குக் காய்ச்சல் இல்லாமலே ராத்திரியில் தலை நனைய வியர்க்கிறது. பயப்பட வேண்டுமா?

பகலில் நன்றாக ஓடியாடுகிறான், காய்ச்சல் இல்லை, ஆனால் தலையணை உறை நனைந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்நேரம் உங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அத்தை, "சூட்டு உடம்பு, தொப்புள்ல விளக்கெண்ணெய் வை" என்றார்கள். நாத்தனார், நான் வேலைக்குப் போவதால்தான் பிள்ளை தேறவில்லை என்றே சொல்லிவிட்டார். அது இன்றும் வலிக்கிறது.

படுத்த முதல் இரண்டு மணி நேரம், ஆழ்ந்த தூக்கத்தில், சின்னப் பிள்ளைகளுக்குத் தலையும் கழுத்தும் வியர்ப்பது சாதாரணம். பசி எடுத்துச் சாப்பிட்டு, எடையும் ஏறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பயம் இல்லை.

என் மகனுக்கு விடிய விடிய வியர்த்தது. நாங்கள் அப்போது மதுரையில் மொட்டை மாடிக்குக் கீழே குடியிருந்தோம், வெக்கைதான் என்று நினைத்தோம். மார்கழியிலும் நிற்காதபோதுதான் ஒரு கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் ஒரு பரிசோதனையும் எழுதாமல், "பிரைமரி காம்ப்ளெக்ஸ், 6 மாசம் மருந்து" என்று சீட்டை நீட்டினார். குழந்தைகளுக்கு வரும் காசநோயைத்தான் நம் ஊரில் அப்படிச் சொல்கிறார்கள். "டெஸ்ட் எடுக்காம எப்படி சார் டிபி மருந்து குடுக்கறது?" என்று கேட்டேன். கோபப்பட்டார். நான் மருந்து வாங்கவில்லை.

டாக்டரை எதிர்த்துப் பேசச் சொல்கிறேன் என்று யாரும் திரிக்க வேண்டாம். காசநோய் இருந்தால் அந்த மருந்தை ஒருநாள்கூட விடாமல் கொடுத்தே ஆக வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்பதுதான் என் வாதம். அடுத்துப் பார்த்த குழந்தை நல மருத்துவர், வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமலோ டிபியோ உண்டா என்று விசாரித்தார், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், டிபி கிருமி உடம்பில் புகுந்திருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ ஊசியைக் கையில் போட்டார். ஊசி போட்ட இடத்தை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பக் காட்ட வேண்டும். சிவப்பைப் பார்ப்பதில்லை, தடிப்பைத்தான் தொட்டு அளக்கிறார்கள். எங்களுக்குத் தடிப்பே இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம்.

பிறகுதான், "குறட்டை விடுறானாம்மா? வாயைத் திறந்துட்டுத் தூங்குறானா?" என்று கேட்டார். இரண்டும் உண்டு. குழந்தை குறட்டை விட்டால் நாம் சிரித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறோமே, அதுதான் விஷயமாக இருந்தது. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி வழியை அடைத்திருக்கிறது. மூச்சை இழுக்க ராத்திரி முழுக்கப் போராடியதில் உடம்பு நனைந்திருக்கிறது. வாயைத் திறந்து டார்ச் அடித்தாலும் அந்தச் சதை தெரியாது, பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தெரிந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் மூக்கு ஸ்பிரே கொடுத்துப் பார்த்தார், போதவில்லை, அறுவை சிகிச்சை செய்தார். குறட்டையும் போனது, வியர்வையும் போனது.

இடையில் அந்த வீட்டு ஓனரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிள்ளைக்காக ஏசி போட்டதற்கு, மின்வாரிய விலைக்கு மேல் யூனிட்டுக்கு அவராகவே ஒரு ரேட் வைத்தார். அரசு தரும் இலவச யூனிட்டும் எங்கள் கணக்குக்கு வரவே இல்லை. வாடகைக்கு இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் வேர்க்கக் கூடாதா?

நீங்கள் இன்று ராத்திரி பையன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு நெஞ்சும் வாயும் தெரிகிற மாதிரி இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள். மூச்சு நின்று நின்று வருகிறதா, விலா உள்ளே ஒடுங்குகிறதா என்று டாக்டர் அதில் பார்த்துக்கொள்வார். எடை குறைவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் அல்லது விட்டுவிட்டுக் காய்ச்சல், கழுத்தில் கட்டி, வெளிறிப்போவது, அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டு, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீடியோவுக்குக் காத்திருக்காதீர்கள், நாளைக் காலையிலேயே கூட்டிப் போங்கள்.