பட்டன் பேட்ஜ்: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

பின்னால் ஊக்கு வைத்த வட்டத் தகடு, அதுதான் பட்டன் பேட்ஜ். சில வருடங்களாக என் மேசையில் ஒரு கை இயந்திரம் இருக்கிறது. அதில் அடித்தும் கெடுத்தும் கற்றதை வைத்துப் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

எங்க நாடகக் குழுவுக்கு இருநூறு பேட்ஜ் அடிக்கப்போறோம் அக்கா. குழு பேரு, போன் நம்பர், க்யூ.ஆர். கோடு எல்லாம் போட்டுடலாமா?

போடலாம். வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் மேசை டிராயரில் போட்டுவிடுவார்கள்.

விசிட்டிங் கார்டை நெஞ்சில் குத்திக்கொண்டு யார் நடப்பார்கள்? பேட்ஜ் குத்துகிறவர் உங்களுக்காகக் குத்துவதில்லை. தன்னைப் பற்றி எதிரே நிற்பவரிடம் ஏதோ சொல்லத்தான் குத்துகிறார். நாடகம் பார்க்க வருகிறவர் எதைச் சொல்லிக்கொள்ள ஆசைப்படுவார் என்று யோசியுங்கள். ‘கடைசி வரிசை ரசிகன்’ என்று ஒன்று, ‘வசனம் மறந்துபோச்சு’ என்று ஒன்று. குழுவின் பெயரை விளிம்பில் போடுங்கள். தாள் மடிந்து பக்கவாட்டுக்குப் போகும் அந்த மெல்லிய வளையத்தில் ஒரு வரி எழுத்து தாராளமாக உட்காரும். அருகில் வந்து பார்க்கிறவருக்குத் தெரியும், குத்தியவருக்கு உறுத்தாது. க்யூ.ஆர். கோடு வேண்டவே வேண்டாம். முன்பின் தெரியாதவர் நெஞ்சுக்கு நேரே போனை நீட்ட யாருக்கும் கூச்சமாக இருக்கும்.

பேரு கண்ணுக்கே தெரியலைன்னா அது விளம்பரமா மேடம்? காசு போடறது நாங்கதானே?

நியாயமான கோபம். ஆனால் பேட்ஜின் வேலை சுவரொட்டியின் வேலை அல்ல. ‘இது என்ன?’ என்று ஒருவரைக் கேட்க வைத்தால் போதும். மீதியைக் குத்தியிருப்பவர் தன் வாயால் சொல்லுவார். அவர் சொல்வதை நம்பும் அளவுக்கு உங்கள் போன் நம்பரை யாரும் நம்பப்போவதில்லை.

மஞ்சள் சிரிப்பு முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1963-ல் அமெரிக்காவின் வொர்ஸ்டர் நகரில் ஒரு காப்பீட்டு நிறுவனம், ஊழியர்களின் சோர்வைப் போக்க ஒரு படம் கேட்டது. ஹார்வி பால் என்ற ஓவியர் வரைந்து கொடுத்து 45 டாலர் வாங்கிக்கொண்டார். முதலில் அடித்தது நூறு பேட்ஜ்தான். பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. அந்த நிறுவனத்துக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உங்கள் கேள்விக்கு அதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது: பெயரே இல்லாவிட்டால் படம் மட்டும்தான் பரவும். அதனால்தான் விளிம்பு எழுத்தை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

எந்த அளவு நல்லது?

நிறைய ஓடுவது 25, 32, 44, 58 மி.மீ. எழுத்து இருந்தால் 44-க்குக் கீழே போகாதீர்கள். 25 மி.மீ. பேட்ஜ், பைகளில் ஏழெட்டு சேர்த்துக் குத்திக்கொள்ள அழகு, ஆனால் அதில் ஒரு சின்னம் அல்லது ஓரெழுத்துதான் நிற்கும். நம் எழுத்துகளின் கொம்பும் சுழியும் சிறிய அளவில் அப்பிக்கொள்ளும். தடித்த எழுத்துரு என்றால் இன்னும் மோசம். அச்சுக்கு அனுப்பும் முன் அசல் அளவில் ஒரு தாளில் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள்.

நானே இயந்திரம் வாங்கி அடிக்கிறேன். படத்தில் தலை பாதி வெட்டுப்படுது, சில பேட்ஜ் சரியா மூடவே மாட்டேங்குது.

இரண்டும் வேறு வேறு நோய்.

தலை வெட்டுப்படுவது வட்டக் கணக்கு. 58 மி.மீ. பேட்ஜுக்குப் பல இயந்திரங்களில் தாளை 70 மி.மீ. வட்டமாக வெட்ட வேண்டியிருக்கும். கூடுதலாக இருக்கும் ஓரம் மடிந்து பின்னால் போய்விடும். பின்னணி நிறம் கடைசி வரை ஓடட்டும். முகமும் எழுத்தும் 50 மி.மீ.க்குள் நிற்கட்டும். இயந்திரத்துக்கு இயந்திரம் கணக்கு மாறும், உங்களுடையதோடு வந்த குறிப்புத் தாளைப் பாருங்கள்.

மூடாமல் போவதற்குப் பெரும்பாலும் தாள்தான் காரணம். போட்டோ பேப்பரில் அடித்தீர்களா? முன் தகடு, படம், அதன்மேல் கண்ணாடி போன்ற மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் வட்டம், மூன்றையும் முதல் அழுத்தத்தில் இயந்திரம் கவ்விக்கொள்கிறது. இரண்டாவது அழுத்தத்தில் ஊக்கு வைத்த பின் தகட்டின்மேல் ஓரத்தை மடிக்கிறது. அந்த மடிப்பில் தடித்த தாளுக்கு இடமில்லை. 80 முதல் 100 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதும். மைலாரை ஒன்றுக்குப் பதில் இரண்டு வைத்தாலும் இதே கதிதான். மெல்லிசாக இருப்பதால் ஒட்டிக்கொண்டு வரும், ஊதிப் பிரித்து எடுங்கள். இங்க்ஜெட் பிரிண்டர் என்றால் மை நன்றாகக் காயட்டும், ஈரத்தோடு மூடினால் மைலாரில் அப்பிக்கொள்ளும்.

இன்னொன்று, முதல் பேட்ஜை அடித்ததும் திருப்பிப் பாருங்கள். ஊக்கு படுக்கைவாட்டில் இருக்கிறதா? நான் ஒருமுறை பார்க்காமல் அறுபது அடித்தேன். அறுபது முகமும் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றன.

இதை முதல்ல யார் கண்டுபிடிச்சாங்க?

இப்போதைய வடிவத்துக்கு வழி வகுத்தது அமெரிக்காவின் நியூவர்க்கில் இருந்த வைட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம். தாள் படத்தின்மேல் செல்லுலாய்ட் என்ற பழைய வகை பிளாஸ்டிக்கைப் போர்த்தி, பின்னால் வளைத்த கம்பியைச் செருகும் முறைக்கு 1896-ல் காப்புரிமை வாங்கினார்கள். அதே வருடம் மெக்கின்லிக்கும் பிரையனுக்கும் ஜனாதிபதித் தேர்தல், பேட்ஜ் கொட்டியது. அதற்கு முன் 1860-ல் லிங்கனின் படத்தைச் சிறு இரும்புத் தகட்டில் பதித்துக் குத்தியிருக்கிறார்கள். வைட்ஹெட் அண்ட் ஹோக் தங்கள் பெயரை அச்சிட்ட ஒரு தாளைப் பேட்ஜின் பின்பக்கக் குழியில் வைப்பார்கள். முதல் கேள்வி கேட்ட தம்பி, போன் நம்பருக்கு இடம் அங்கேதான்!

எனக்குக் காது சரியாகக் கேட்காது. ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பேட்ஜ் போட்டால் பரிதாபமாகப் பார்ப்பார்களோ?

பேட்ஜ் கண்டுபிடித்ததே இதற்காகத்தானோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும். லண்டன் போக்குவரத்துத் துறை 2005 முதல் கர்ப்பிணிகளுக்கு ஒரு பேட்ஜ் கொடுக்கிறது. வெளியே தெரியாத உடல்நலக் குறைவு உள்ளவர்களுக்கு ‘எனக்கு இடம் தாருங்கள்’ என்ற பொருளில் இன்னொன்று 2017-ல் வந்தது. வாய் திறந்து கேட்கும் சங்கடத்தை அது எடுத்துக்கொள்கிறது.

உங்கள் பேட்ஜில் குறையை எழுதாதீர்கள், எதிரே இருப்பவர் செய்ய வேண்டியதை எழுதுங்கள். ‘முகம் பார்த்துப் பேசுங்கள்’ என்று மூன்றே சொல். 58 மி.மீ., வெள்ளையில் கறுப்பு. இடது தோளுக்குச் சற்றுக் கீழே, பேசுகிறவர் கண் தானாக விழும் இடத்தில். வேண்டாத நாளில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம், அதுவும் உங்கள் விருப்பம்தான்.

சட்டை ஓட்டையாகுதே?

மெல்லிய துணி என்றால் உள்பக்கம் ஒரு துண்டு ஃபெல்ட் (தடித்த கம்பளம் போன்ற துணி) வைத்து அதையும் சேர்த்துக் குத்துங்கள். பட்டில் குத்தாதீர்கள். காந்தம் வைத்த பின்தகடு கிடைக்கிறது, ஆனால் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அது ஆகாது. துவைக்கும் முன் கழற்றிவிடுங்கள், பின்வழியாகத் தண்ணீர் போனால் துருப்பிடிக்கும். சின்னக் குழந்தைகளுக்கு எந்தப் பேட்ஜும் வேண்டாம்.

நடிகர் படம் போட்டு விற்கலாமா?

உரிமை வாங்காமல் கூடாது. கார்ட்டூன் பாத்திரங்களுக்கும் இதேதான்.

சும்மா கொடுக்கணுமா, விலை வைக்கணுமா அக்கா?

சும்மா கொடுப்பதானாலும் கையில் திணிக்காதீர்கள். ஐந்தாறு விதமாக அடித்து ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். எது முதலில் காலியாகிறதோ அதை மட்டும் அடுத்த முறை அதிகம் அடியுங்கள். இருநூறும் ஒரே நாளில் அடிக்க வேண்டாம். முதலில் இருபது போதும்.