ஆன் ஆகாத கணினி: எந்த இடத்தில் நின்றது?

கேள்வி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் "சிஸ்டம் ஆன் ஆகவில்லை" என்ற ஒரே வரியோடு முடித்திருக்கிறீர்கள். பொத்தானை அழுத்தியும் எந்த அசைவும் இல்லாதது ஒன்று. விசிறி சுழன்றும் திரை இருண்டே கிடப்பது வேறொன்று. நிறுவனச் சின்னம் வரை வந்து நிற்பதும் விண்டோஸ் ஏறும்போது விழுவதும் தனித்தனிப் பழுதுகள். எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிவதற்கு முன்பே ரேம் (நினைவகம்), எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) என்று வாங்கிக் குவித்துவிட்டு வருகிறவர்களை இருபது ஆண்டுகளாகச் சர்வீஸ் மேசையில் பார்த்துவருகிறேன். ஆகவே, கேள்விகளை அந்தக் கட்டங்களின் வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (தேனி, அச்சகம் நடத்துபவர்): ஐயா, நேற்று மாலை வரை நன்றாக ஓடிய கணினி, இன்று காலை பொத்தானை அழுத்தினால் சிறு சத்தம்கூட எழுப்பவில்லை. பார்க்க வந்தவர், மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் சேரும் தாய்ப்பலகை) போய்விட்டது, 6,000 ரூபாய் ஆகும் என்கிறார். நம்பலாமா?

பதில்: அளந்து பார்த்துவிட்டுச் சொன்னாரா, வாசலில் நின்றபடியே சொன்னாரா என்பதைப் பொறுத்தது. முதலில், கணினி செருகியிருந்த அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கைப் போட்டுப் பாருங்கள். பின்புறம் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் சிறிய சுவிட்ச், துடைக்கும்போது கைபட்டு அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், இந்த இரண்டிலேயே முடிந்துபோன அழைப்புகள் எனக்கு ஏராளம்.

மின்சாரம் வருகிறது என்றால், பக்கத் தகட்டைக் கழற்றி மதர்போர்டில் சிறு விளக்கு ஏதேனும் எரிகிறதா என்று கவனியுங்கள். கணினி அணைந்திருக்கும்போதும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். பல போர்டுகளில் அதைக் காட்டுவதற்கென்றே ஒரு விளக்கு உண்டு. அது எரிந்தால், எஸ்எம்பிஎஸ் முற்றிலும் செத்துவிடவில்லை என்று பொருள். அடுத்து, முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்கள் போர்டில் சேரும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இணைப்பைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் மட்டும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். பொத்தான் செய்யும் வேலை அவ்வளவுதான்.

விளக்கே எரியாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, 24 பின் இணைப்பானைப் போர்டிலிருந்து கழற்றி, அதில் உள்ள ஒரே பச்சை ஒயரின் துளையையும் பக்கத்தில் உள்ள கறுப்பு ஒயரின் துளையையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணைத்து, அதன்பின் மின்சாரம் கொடுத்தால், அதன் விசிறி சுழல வேண்டும். மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள்ளும், சிவப்பு ஒயரில் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள்ளும் மல்டிமீட்டர் காட்ட வேண்டும். விசிறி சுழன்றதாலேயே அது நல்ல எஸ்எம்பிஎஸ் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பாரம் ஏறியதும் படுத்துவிடுகிறவையும் உண்டு. சில பிராண்டட் கணினிகளில் இந்த 24 பின் அமைப்பே இருக்காது. அவற்றில் இதைச் செய்யாதீர்கள். எதுவானாலும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள்; உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கக்கூடும்.

அதே அச்சக உரிமையாளர், மறுநாள்: ஐயா, ஸ்க்ரூடிரைவரால் தொட்டவுடனேயே கணினி ஓடிவிட்டது!

பதில்: அப்படியானால் போர்டு நலமாகத்தான் இருக்கிறது, பழுது முன்பக்கப் பொத்தானில். கேபினெட்டை மாற்ற வேண்டியதில்லை. ரீசெட் பொத்தானின் ஒயரைக் கழற்றி, பவர் பொத்தான் இருந்த பின்களில் செருகிவிடுங்கள். இனி ரீசெட்டை அழுத்தினால் கணினி ஆன் ஆகும். என் சொந்தக் கணினி நான்கு ஆண்டுகளாக இப்படித்தான் ஓடுகிறது.

கேள்வி (திருநெல்வேலி, கல்லூரி மாணவர்): சார், விசிறி எல்லாம் சுத்துது, கீபோர்டில் லைட் வரலை, மானிட்டரில் "நோ சிக்னல்" என்று வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, பத்துக்கு ஆறு ஏழு முறை இது ரேம்தான். மின்சாரத்தைத் துண்டித்து, பொத்தானை இருபது நொடி அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் மின்னூட்டத்தை வடியவிடுங்கள். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, இரு முனைகளும் "டக்" என்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிமாற்றிப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும்தான் முதலில் நிரப்ப வேண்டியவை.

அதிலும் மாற்றமில்லை என்றால், பிராசஸருக்கு அருகில் வரும் 4 அல்லது 8 பின் மின் இணைப்பு நன்றாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமலும் விசிறிகள் உற்சாகமாகச் சுழலும், ஆனால் பிராசஸர் விழிக்காது. கிராபிக்ஸ் கார்டு தனியாக இருந்தால், மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால், போர்டில் உள்ள எச்டிஎம்ஐ துளையில் படமே வராது.

கேள்வி (கோயம்புத்தூர்): டிடிஆர்5 ரேம் போட்டுப் புதிதாக அசெம்பிள் செய்தேன். ஆன் செய்து இரண்டு நிமிடமாகியும் திரை கறுப்பு. போர்டில் டிராம் (ரேமைக் குறிப்பது) என்ற விளக்கு எரிகிறது.

பதில்: கை வைக்காமல் இன்னும் பத்து நிமிடம் காத்திருங்கள். முதல்முறை ஆன் செய்யும்போது போர்டு அந்த ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். இடையில் அணைத்தால் மறுபடியும் தொடக்கத்திலிருந்து வரும்.

கேள்வி (தஞ்சாவூர் அருகே ஒரு கிராமம்): பகலில் ஆன் ஆகிற கணினி, மாலை ஏழு மணிக்கு மேல் ஆன் செய்தால் இரண்டு நொடி சுழன்று அணைந்து, மறுபடி சுழன்று அணைகிறது. போர்டை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: நேரம் பார்த்து வரும் பழுது போர்டில் பொதுவாக இருக்காது. மாலையில் ஊரே விளக்கும் விசிறியும் போடும்போது 230 வோல்ட் 170-க்கு இறங்கிவிடும் தெருக்களை நான் அளந்து பார்த்திருக்கிறேன். எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளீட்டு வோல்டேஜ் எழுதியிருக்கும். 200 முதல் 240 என்றிருந்தால் உங்கள் மாலை மின்சாரம் அதற்குப் போதாது. ஸ்டெபிலைசர் வைத்து ஒரு வாரம் பாருங்கள்.

பகலிலும் இதே ஆட்டம் இருந்தால் கதை வேறு. போர்டைக் கேபினெட்டிலிருந்து கழற்றி, அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரு ரேம் ஆகியவற்றோடு மட்டும் இயக்குங்கள். வெளியே ஓடி, உள்ளே ஓடாவிட்டால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஒருமுறை போர்டைத் தூக்கியபோது, அதற்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பல்லி காய்ந்து, வால் நுனி வரை போர்டோடு ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷால் துடைத்ததும் கணினி ஓடியது.

கேள்வி (சென்னை, கணக்காளர்): தினமும் காலையில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய், எஃப்1 அழுத்தச் சொல்கிறது. போர்டு பேட்டரியை நானே மாற்றினேன்; இப்போது நீலத்திரை வந்து விண்டோஸே ஏறவில்லை.

பதில்: பேட்டரியை மாற்றியது சரிதான், சிஆர்2032 என்ற அந்த 3 வோல்ட் வில்லை சில ஆண்டுகளில் தீரக்கூடியதே. ஆனால், அது நீங்கிய நேரத்தில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் அடிப்படை நிரல்) அமைப்புகள் அனைத்தும் தொழிற்சாலையில் வைத்த தொடக்க நிலைக்குத் திரும்பிவிட்டன. அதில் சாட்டா அமைப்பு, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை, முன்பு ஏஎச்சிஐ என்றிருந்து இப்போது ரெய்டு அல்லது ஐடிஇ என்று மாறியிருந்தால், விண்டோஸால் தன் டிஸ்க்கையே அடையாளம் காண முடியாது. அதைத் திருப்பி வையுங்கள். பூட் முறை, அதாவது விண்டோஸைத் தொடங்கும் முறை, யுஇஎஃப்ஐயா (புதியது), லெகசியா (பழையது), முன்பிருந்தபடியே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்டால் பதறாமல் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடுங்கள். மறுபடி விண்டோஸ் நிறுவ வேண்டிய தேவை இதில் இல்லை.

கேள்வி (காரைக்குடி, குடும்பத்தலைவி): ஐயா, "பூட் டிவைஸ் இல்லை" என்று வருகிறது; உள்ளே டிக், டிக் என்ற சத்தம் கேட்கிறது. மகளின் குழந்தைப் பருவப் படங்கள் அதில்தான் இருக்கின்றன.

பதில்: அம்மா, இப்போதே அணைத்துவிடுங்கள். சத்தம் இல்லாதிருந்தால் பென்டிரைவைப் பிடுங்கிப் பாருங்கள், சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். டிக் டிக் என்பது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்கின் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்ளும் ஒலி. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டில் கீறல் விழலாம். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் வைத்தியம் வேண்டாம், ஈரம்தான் சேரும். டிஸ்க்கைக் கழற்றி, தரவு மீட்பையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் கொடுங்கள். விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால், புதிதாக ஓர் எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கி அதில் போடச் சொல்லுங்கள். இந்த டிஸ்க்கை அவர் கையில் கொடுக்க வேண்டாம்.